டிரெய்லரில் பாரம் ஏற்றும்போது

ஆத்தங்குடி கல், பழைய தேக்குத் தூண், நிலைக்கதவு எதுவானாலும் சரி, இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றும்போது கனமானதை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கியில் இறங்கினால் போதும்.

பாரம் பின்பக்கம் கூடினால் டிரெய்லர் கொக்கியை மேலே தூக்கும். இழுக்கும் வண்டியின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும், வேகம் கூடினால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஏற்றி முடித்ததும் முன்பக்கத்து முட்டுக்கால் தரையில் அழுந்தி நிற்கிறதா என்று பாருங்கள். லேசாக ஆடினாலே சரக்கை முன்னே நகர்த்த வேண்டும். காரைக்குடியில் பழம்பொருள் வாங்குகிறவர்கள் தூணை நீளவாக்கில் போட்டு, அடிப்பக்கம் எது என்று பார்ப்பதே இல்லை. கனம் அங்கேதான் இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் முன்னால் குவிக்காதீர்கள். டிராக்டர் என்றால் மேட்டில் முன்சக்கரம் தூக்கிவிடும். அமெரிக்கப் பிக்கப்களின் சரக்குத் தளத்தில் பொருத்தும் கூஸ்நெக் கொக்கி பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் 20 சதவீதத்துக்கு மேலும் தாங்கும். பம்பர் பக்கத்துக் கொக்கிக்கு அந்தக் கணக்கு ஆகாது.

முன்னால் ஒரு அச்சு, பின்னால் ஒரு அச்சு என்று இருக்கும் நான்கு சக்கர டிரெய்லருக்கு இது பொருந்தாது. அதில் கொக்கி இழுக்க மட்டும்தான், பாரத்தைச் சமமாகப் பரப்புங்கள்.