ஆபீஸ் கம்ப்யூட்டர் தானாவே எங்கயோ கனெக்ட் ஆகுதா? எந்த ப்ரோக்ராம்னு பிடிக்கிற வழி

ஆபீஸ்ல கணக்கு பாக்குற கம்ப்யூட்டர், யாரும் தொடாத நேரத்துலயும் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியில ஏதோ ஒரு ஐபிக்கு (நெட்ல ஒரு மெஷினோட முகவரி நம்பர்) கனெக்ட் ஆகிட்டே இருந்துச்சு, ரவுட்டர் லாக் பாத்தப்பதான் தெரிஞ்சுது. கஸ்டமர் விவரமெல்லாம் இருக்குற மெஷின், அப்படியே விட மனசு வரல. ரெண்டு நாள் தேடி கண்டுபிடிச்சேன். விண்டோஸ் 10, 11 ரெண்டோட ப்ரோ எடிஷன்லயும் இதே வழிதான்.

மொதல்ல கமாண்ட் ப்ராம்ப்ட்ட அட்மினா திறந்து நெட்ஸ்டாட்னு அடிச்சு, ஸ்பேஸ் விட்டு, மைனஸ் போட்டு ஏ, என், ஓ மூணு எழுத்தையும் ஒட்டி அடிங்க. கடைசியில வர்ற நம்பர்தான் பிஐடி, அதாவது ஓடுற ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் விண்டோஸ் குடுக்குற அடையாள நம்பர், அதை டாஸ்க் மேனேஜர்ல டீடெயில்ஸ் பக்கத்துல தேடுனா ப்ரோக்ராம் பேர் கிடைச்சிரும். 127.0.0.1னு ரெண்டு பக்கமும் இருக்குறத விட்டுருங்க, அது மெஷின் தனக்குள்ளயே பேசிக்கிறது.

இங்கதான் நான் மாட்டுனேன். நான் தேடுன ஐபி லிஸ்ட்ல இருந்துச்சு, ஆனா நிலை டைம் வெயிட், பிஐடி 0. சரி 0ன்னா சிஸ்டம் ஐடில் ஆச்சே, விண்டோஸே பண்ணுது போலன்னு ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கமே தேடிட்டிருந்தேன். விஷயம் என்னன்னா கனெக்‌ஷன் ஏற்கனவே முடிஞ்சிருச்சு, திறந்த ப்ரோக்ராம் வேலைய முடிச்சுட்டு போயிருச்சு, அதனாலதான் யார் பேர்லயும் இல்லாம 0ன்னு நிக்குது. ஆள் போன அப்புறம் காலடித்தடத்த பாத்துட்டு இருந்திருக்கேன்.

ஒரு நொடியில வந்துட்டு போறத கண்ணால பிடிக்க முடியாது, விண்டோஸயே எழுதி வைக்கச் சொல்லணும். லோக்கல் செக்யூரிட்டி பாலிசி திறந்து, அட்வான்ஸ்ட் ஆடிட் பாலிசிக்குள்ள ஆப்ஜெக்ட் ஆக்சஸ், அதுல ஃபில்டரிங் ப்ளாட்ஃபார்ம் கனெக்‌ஷன், சக்சஸ டிக் பண்ணுங்க. அரை மணி நேரம் விட்டுட்டு ஈவென்ட் வியூவர்ல செக்யூரிட்டி லாக்க 5156ங்கற நம்பர் வச்சு ஃபில்டர் பண்ணி, ரவுட்டர் லாக்ல பாத்த அந்த வெளி ஐபிய ஃபைண்ட்ல தேடுங்க. ப்ரோக்ராம் இருக்குற இடம், நேரம், போர்ட் எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். ப்ரோக்ராம் இருக்குற இடம் மட்டும் சி டிரைவ்னு ஆரம்பிக்காம டிவைஸ், ஹார்ட்டிஸ்க்வால்யூம்னு வரும், குழம்பாதீங்க, அதுக்கு அப்புறம் வர்ற ஃபோல்டர் பேர்தான் முக்கியம். வேலை முடிஞ்சதும் மறக்காம டிக்க எடுத்துருங்க, லாக் மளமளன்னு நெறஞ்சு பழைய பதிவெல்லாம் அழிஞ்சிரும்.

எனக்கு வந்தது, எப்பவோ அன்இன்ஸ்டால் பண்ண ஒரு பேக்கப் சாஃப்ட்வேரோட அப்டேட்டர். சாஃப்ட்வேர் போயிருச்சு, நேரம் குறிச்சு ப்ரோக்ராம ஓட்டுற டாஸ்க் ஷெட்யூலர்ல அது போட்ட டாஸ்க் மட்டும் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடிட்டே இருந்துருக்கு. இத தேட டாஸ்க் ஷெட்யூலர விட தானா ஓடுறத எல்லாம் ஒரே லிஸ்ட்டா காட்டுற, மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸோட ஆட்டோரன்ஸ்ங்கற டூல்தான் எனக்கு பிடிக்கும், மைக்ரோசாஃப்ட் என்ட்ரிய மறைச்சுட்டா மிச்சம் கொஞ்சம்தான் நிக்கும், ஒவ்வொண்ணா பாத்துரலாம். கண்டுபிடிச்சதும் டெலிட் பண்ணாம டிக்க மட்டும் எடுங்க, ஒரு நாள் பாருங்க, ரவுட்டர் லாக்ல அந்த ஐபி வரலன்னா அதுதான்.

அப்டேட்: படிச்சவங்கள்ல சிலருக்கு எஸ்விசிஹோஸ்ட்னு மட்டும் வருதாம். அது விண்டோஸ் சர்வீஸ்களுக்கு வீடு மாதிரி, உள்ள யாருன்னு பாக்கணும். டீடெயில்ஸ்ல அதே பிஐடி மேல ரைட் கிளிக் பண்ணி கோ டு சர்வீசஸ் குடுங்க, சர்வீஸ் பேர் வந்துரும். பிஐடி 4 (விண்டோஸ் சிஸ்டம்), போர்ட் 445ன்னு (ஃபைல் ஷேரிங்) ஆபீஸ்குள்ள இருக்குற ஐபிக்கே போய்ட்டிருந்தா, பெரும்பாலும் எப்பவோ மேப் பண்ணி வச்ச நெட்வொர்க் டிரைவ்.

இன்னொருத்தருக்கு டெம்ப் ஃபோல்டர்லருந்து பேரே புரியாத ஒரு ஃபைல் ஓடுதாம். அப்படின்னா நீங்களா எதையும் அழிக்காதீங்க, ஷட்டவுனும் பண்ணாதீங்க, மெமரியில இருக்குற தடயம் போயிரும். நெட்வொர்க் கேபிள உருவுங்க, வைஃபைய ஆஃப் பண்ணுங்க, ஐடி ஆளுங்கள உடனே கூப்பிடுங்க.