டெங்கு: பிளேட்லெட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்

டெங்கு என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது "பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எவ்வளவு?" என்றுதான். பார்க்க வேண்டிய எண்தான். ஆனால் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அது இல்லை, ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவது. பிளேட்லெட் ஏற்றினால் அந்தக் கசிவு நிற்காது.

கசிவு தொடங்குவது காய்ச்சல் விடும் நேரத்தில், பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாட்களுக்குள். "ஜுரம் விட்டுடுச்சு, இனி பயமில்லை" என்று கவனிப்பைத் தளர்த்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். தீராத வயிற்று வலி, அடங்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிடுவது, சிறுநீர் குறைவது, காரணமில்லாத தவிப்பு என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரஷர் பார்க்கும்போதும் ஏமாறுவதுண்டு. 100/85 என்று வந்தால் "மேல் பிரஷர் நூறு இருக்கே" என்று நிம்மதியாகிவிடுவார்கள். இரண்டுக்கும் இடைவெளி 15தான். அது 20 அல்லது அதற்கும் கீழே வந்தாலே அதிர்ச்சி நிலை (ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போதும் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார், அதுதான் ஆபத்து. ரத்தப் பரிசோதனையில் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, நீர் கசிந்தால் இது கூடும்) ஏறுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அதற்காக டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது. கசிவு நின்றதும் வெளியேறிய நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்.

வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டும். தசையில் போடும் ஊசியும் வேண்டாம். பாராசிட்டமால் போதும், அதையும் அளவு மீறிப் போட்டால், டெங்குவில் ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரல் மேலும் கெடும்.

இனி அரிதானவை. குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு ஆகியவற்றை "காய்ச்சல் அசதி" என்று விட்டுவிடாதீர்கள், மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். நெஞ்சுவலி, தாறுமாறான துடிப்பு என்றால் இதயத் தசையில் அழற்சி இருக்கலாம். பார்வையின் நடுவில் மங்கல் தெரிந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள், விழித்திரை பாதித்திருக்கலாம்.

ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடாமல், ரத்த அணுக்கள் எல்லாமே குறைந்துகொண்டே போனால் பிளேட்லெட் ஏறக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. எதிர்ப்பு சக்தி கட்டுமீறி, உடலின் செல்களே ரத்த அணுக்களை விழுங்கும் நிலை ஒன்று உண்டு. ஃபெரிட்டின் (இரும்புச்சத்தைச் சேமிக்கும் புரதம்) பரிசோதனையில் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். வழக்கமான டெங்குவுக்குத் தேவைப்படாத ஸ்டீராய்டு இங்கே உயிர் காக்கலாம். வேறு கிருமித் தொற்று சேர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

குணமான பிறகு சில வாரங்களுக்குள் கால்கள் வலுவிழந்து, பலவீனம் மேலே ஏறினால் அதுவும் அவசர சிகிச்சைக்குரியது. நரம்புகள் தாக்கப்பட்டு மூச்சுத் தசைகள் வரை போகலாம்.

ஒருமுறை வந்ததால் இனி வராது என்று எண்ண வேண்டாம். டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. இரண்டாவது முறை வேறு வகை தொற்றினால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். முன்பு வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.