ரேம் எப்போதும் நிரம்பியே இருக்கிறதா? காரணத்தைத் தேடும் வழி

கணினி திணறுகிறது, நினைவகம் 85 சதவீதம் காட்டுகிறது என்று உறவினர்களோ நண்பர்களோ அழைத்தால், அந்தச் சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டு எண்களைத்தான் கேட்பேன். ஒன்று 'கமிட்டட்', மற்றொன்று 'நான்-பேஜ்டு பூல்'. இரண்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலேயே இருக்கின்றன. இவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால், புதிய ரேம் வாங்குவதா, ஏதாவது மென்பொருளை நீக்குவதா, ஒன்றும் செய்யாமல் விடுவதா என்ற முடிவுக்குச் சீக்கிரமே வந்துவிடலாம்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ரேம் காலியாகக் கிடப்பதால் யாருக்கும் லாபமில்லை. படித்த கோப்புகளை மறுபடி வட்டிலிருந்து எடுக்காமல் இருக்க, மிச்சமுள்ள இடத்தில் விண்டோஸ் அவற்றை வைத்துக்கொள்கிறது. அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் வேலையும் 2007இல் விஸ்டாவோடு வந்தது. அன்று அதற்குப் பெயர் சூப்பர்ஃபெட்ச், இன்று சிஸ்மெயின். இப்படி வைத்திருக்கும் இடம், வேறு நிரல் கேட்டவுடன் கொடுக்கப்பட்டுவிடும். ஆகவே 'ஃப்ரீ' எவ்வளவு என்று பார்க்காதீர்கள், 'அவைலபிள்' எவ்வளவு என்று பாருங்கள். சதவீதம் 80ஐத் தாண்டியிருந்தும் நிரல்கள் தடையின்றி ஓடுகின்றன என்றால், அந்தக் கணினியில் பழுது எதுவும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்துக்குக் கீழே 'கமிட்டட்' என்ற இடத்தில், 14.1/15.2 ஜிபி என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். இடப்பக்க எண், நிரல்களுக்கு விண்டோஸ் இதுவரை வாக்களித்திருக்கும் நினைவகம். வலப்பக்க எண், அது அதிகபட்சம் வாக்களிக்கக்கூடிய அளவு, அதாவது ரேமும், ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் 'பேஜ் ஃபைல்' என்ற வட்டுக் கோப்பும் சேர்ந்த கூட்டுத்தொகை. இடது எண் வலது எண்ணை நெருங்கினால் ஆபத்து. பேஜ் ஃபைல் வளர்வதற்கும் வட்டில் இடமில்லை என்றால் நிரல்கள் நினைவகம் கேட்டுக் கிடைக்காமல் சரியத் தொடங்கும்.

நான் காட்டிய எடுத்துக்காட்டில் ரேம் 8 ஜிபிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 ஜிபி அளவுக்கு வாக்களிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் மிச்சம் எங்கே? ஒரு பகுதியை நிரல்கள் கேட்டு வாங்கிவிட்டு இன்னும் தொடாமலே வைத்திருக்கலாம். ஒரு பகுதி ரேமுக்குள்ளேயே சுருக்கப்பட்டு இருக்கலாம், விண்டோஸ் 10 முதல் அந்த ஏற்பாடு உண்டு. எஞ்சியது வட்டுக்குப் போயிருக்கும். கணினி திணறுவது இந்தக் கடைசிப் பகுதியால்தான். இதை உறுதிசெய்ய 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்ற கருவியைத் திறந்து, 'மெமரி' பகுதியில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' வரைபடத்தைப் பாருங்கள். கேட்டது ரேமில் இல்லாமல் வட்டிலிருந்து எடுக்க வேண்டிவரும் ஒவ்வொரு முறையையும் எண்ணுவது அது. ஒரு நிரலைத் திறக்கும்போது அது எகிறி இறங்குவது இயல்பு. எதையும் புதிதாகத் திறக்காமல் சும்மா இருக்கும்போதும் நிமிடக்கணக்கில் உயரத்திலேயே நின்றால் ரேம் உண்மையிலேயே போதவில்லை. வட்டின் பயன்பாடும் அதே நேரத்தில் பெரும்பாலும் உயர்ந்திருக்கும்.

ஷட் டவுன் போதாது, ரீஸ்டார்ட் செய்யுங்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதில்லை. "தம்பி, நான் தினமும் இரவில் அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன், பிறகு எப்படி நிரம்பும்?" என்று என் அக்கா கேட்டார். டாஸ்க் மேனேஜரில் 'சிபியு' பக்கத்தைத் திறந்து 'அப் டைம்' என்ற எண்ணைக் காட்டினேன். கணினி நாள்கணக்கில் ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பதாக அது சொன்னது. அக்கா பொய் சொல்லவில்லை, கணினியும் பொய் சொல்லவில்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி சேர்க்கப்பட்டது. ஷட் டவுன் செய்யும்போது உங்கள் நிரல்கள் மூடப்படும். ஆனால் இயங்குதளத்தின் கருவும், வன்பொருள்களை இயக்கும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படும். ஒரு டிரைவர் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால், அந்தப் பிடியும் சேர்ந்தே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே முதல் சோதனை இது. ரீஸ்டார்ட் செய்து, எதையும் திறக்காமல் சில நிமிடம் பொறுத்து, கமிட்டட் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேலையைச் செய்துவிட்டு மாலையில் எல்லா நிரல்களையும் மூடி, மறுபடி அதே எண்ணைப் பாருங்கள். ஏறக்குறைய காலையில் இருந்த இடத்துக்கே திரும்பியிருந்தால் கசிவு இல்லை, உங்கள் வேலைக்கே அவ்வளவு நினைவகம் தேவைப்படுகிறது. எல்லாவற்றையும் மூடிய பிறகும் பல ஜிபி கூடுதலாக நின்றால் ஏதோ ஒன்று வாங்கியதைத் திருப்பித் தரவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் ரேம் வாங்கிப் போடுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான்.

குற்றவாளி பட்டியலில் தெரியும்போது

'ப்ராசஸஸ்' பகுதியில் 'மெமரி' என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெரியது மேலே வரும். எல்லோரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே காட்டப்படுவது அந்த நிரல் இந்த நொடியில் ரேமில் தனக்கென வைத்திருக்கும் அளவு மட்டுமே. வட்டுக்குத் தள்ளப்பட்டது அதில் வராது. எனவே 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போங்கள். தலைப்பு வரிசையில் வலது சொடுக்கு, 'செலக்ட் காலம்ஸ்', அங்கே 'கமிட் சைஸ்' என்பதைக் குறியிடுங்கள். இப்போது அந்தத் தலைப்பின்படி வரிசைப்படுத்துங்கள்.

அக்காவின் கணினியில் இப்படிச் செய்தபோதுதான் காரணம் வெளியே வந்தது. மெமரி வரிசையில் 90 எம்பிகூடக் காட்டாமல் பட்டியலின் நடுவில் ஒதுங்கியிருந்த ஒரு நிரல், கமிட் சைஸ் வரிசையில் 5 ஜிபிக்கு மேல் காட்டி முதலிடத்துக்கு வந்தது. அச்சுப்பொறியோடு வந்த துணை மென்பொருள் அது. மை அளவைக் காட்டுவதுதான் அதன் வேலை. மணிக்கு மணி நினைவகம் கேட்டுக்கொண்டே இருந்தது, வாங்கியதைத் தொடவும் இல்லை, விடவும் இல்லை. விண்டோஸ் அதையெல்லாம் மெல்ல மெல்ல வட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதே பட்டியலில், கோப்பு போன்றவற்றில் எத்தனையை ஒரு நிரல் திறந்து பிடித்திருக்கிறது என்று காட்டும் 'ஹாண்டில்ஸ்' வரிசையையும் சேர்த்துப் பார்த்தேன். மற்ற நிரல்களுக்குச் சில நூறு, சில ஆயிரம் என்று இருக்க, இதற்கு மட்டும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறிக்கொண்டிருந்தது. துணை மென்பொருளை நீக்கினோம். அச்சுப்பொறிக்கு டிரைவர் மட்டுமே போதும், இன்றும் அது நன்றாக அச்சிடுகிறது.

பிரவுசர் முதலிடத்தில் இருந்தால் அதை உடனே பழிக்காதீர்கள். 2008இல் குரோம் வந்தது முதல், ஒரு டேப் சரிந்தால் மற்றவை தப்பிக்கட்டும் என்று டேப்களைத் தனித்தனிச் செயலாக ஓட்டுகிறார்கள். 2018இல் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளியான பின், ஒரு பக்கத்துக்குள் இருக்கும் வேற்றுத் தளங்களையும் பிரித்தார்கள். பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை இது, கொடுக்கத் தகுந்த விலைதான். குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் பிரவுசருக்கே உரிய டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு எடுக்கிறது என்று அதில் தனித்தனியாகத் தெரியும். ஃபயர்பாக்ஸில் 'மோர் டூல்ஸ்' மெனுவுக்குள் இதே வசதி உண்டு. எக்ஸ்டென்ஷன்களை முதலில் பாருங்கள், எப்போதோ சேர்த்து மறந்துபோனவை அங்கேதான் உட்கார்ந்திருக்கும். குரோமின் 'மெமரி சேவர்', எட்ஜின் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' இரண்டையும் இயக்கி வையுங்கள்.

பட்டியலும் மொத்தமும் பொருந்தாதபோது

சில நேரம் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் கூட்டினாலும் 3 ஜிபி வராது, ஆனால் பயன்பாடு 7 ஜிபி என்று இருக்கும். வைரஸ் என்று சந்தேகிப்பது இயல்பு, ஒருமுறை முழு ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு 'மெமரி' பக்கத்தில் 'நான்-பேஜ்டு பூல்' எண்ணைப் பாருங்கள். இயங்குதளமும் டிரைவர்களும் ரேமிலேயே வைத்திருக்கும், ஒருபோதும் வட்டுக்கு அனுப்பாத பகுதி அது. வீட்டுக் கணினியில் சில நூறு எம்பி இருப்பது வழக்கம். அது ஜிபி கணக்கில் ஏறிக்கொண்டே போனால் ஒரு டிரைவர் கசிகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம்.

எந்த டிரைவர் என்று அறிய, மைக்ரோசாஃப்ட் தனது டிரைவர் உருவாக்கக் கருவித் தொகுப்போடு தரும் 'பூல்மான்' என்ற சிறு நிரல் உதவும். நிர்வாகி உரிமையோடு இயக்கி, பைட் அளவின்படி வரிசைப்படுத்தினால், டிரைவர்கள் தாங்கள் எடுக்கும் நினைவகத்துக்கு இடும் நான்கெழுத்துக் குறி ஒவ்வொன்றும் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும். முதலிடத்தில் நிற்கும் குறியை விண்டோஸின் டிரைவர் கோப்புகளுக்குள் தேடினால் உரிய கோப்பு அகப்படும். அவ்வளவு தூரம் போக விருப்பமில்லையா? நெட்வொர்க் அட்டையோடு வரும் 'இணைய வேகத்தை முறைப்படுத்தும்' துணை மென்பொருள்கள், ஒலி மேம்படுத்திகள், பழைய விபிஎன் மென்பொருள்கள், ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, நீக்கும்தோறும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். நெட்வொர்க் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுத்துப் புதுப்பியுங்கள்.

பூலும் சிறியதாக இருந்தால், மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள 'ராம்மேப்' முழுக் கணக்கையும் காட்டும். அதில் 'டிரைவர் லாக்டு' பெரியதாக இருந்தால் மெய்நிகர் கணினி ஏதோ ஓடுகிறது என்று கொள்ளலாம். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு ஒரு சொல்: அது இயல்பாகவே ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும், அமைப்புக் கோப்பில் வரம்பு வைத்துவிடுங்கள்.

ரேம் சுத்திகரிப்பான் என்று விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்களைத் தயவுசெய்து நிறுவாதீர்கள். நிரல்களின் நினைவகத்தை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுவதைத்தான் அவை செய்கின்றன. சதவீதம் சட்டென்று இறங்கும், ஆனால் அடுத்த நொடியே நிரல்கள் அதையெல்லாம் திரும்பக் கேட்கும், கணினி முன்னைவிட மெதுவாகும். பேஜ் ஃபைலை நிறுத்தச் சொல்லும் அறிவுரையையும் ஏற்காதீர்கள். மேலே சொன்ன வலப்பக்க எண் உடனே சுருங்கிவிடும், சேமிக்காத வேலையோடு நிரல்கள் சரியும்.

இத்தனைக்கும் பிறகு கசிவு எதுவும் இல்லை, வழக்கமான வேலையின்போது கமிட்டட் எண் ரேமைத் தாண்டியே நிற்கிறது, ஹார்டு ஃபால்ட்ஸும் இறங்கவில்லை என்றால் ரேம் வாங்குவது நியாயமான செலவு. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்பது நிறுவுவதற்கான தகுதி மட்டுமே. வாங்கும் முன் 'மெமரி' பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' பாருங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. டிடிஆர்4 வகை ரேமுக்கான இடத்தில் டிடிஆர்5 வகை பொருந்தாது. வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும். பொருத்தியதும் 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' எண்ணைக் கவனியுங்கள். உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொள்வது இயல்பு, பாதி ரேம் அங்கே போயிருந்தால் ரேம் அட்டை சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி பொருத்துங்கள். அன்றிரவே 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.