ஸ்டார்ட்டர் சுற்றுது, கரண்டு வரல: வீட்டில் கட்டிய காரில் ஸ்பார்க் தேடும் முறை

தோட்டத்துச் சாளையில் குழாய் வளைத்து, சேசிஸ் வெல்டு வைத்து, பழைய மாருதி 800 இன்ஜினை ஏற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது. இன்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. "கரண்டு வரலீங்க" என்று யாரிடம் சொன்னாலும் "காயிலை மாத்திப் பாருங்க" என்பார்கள் (காயில் என்பது பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிக் கொடுப்பது). மாற்றாதீர்கள். கம்பெனி வயரிங்கோடு வந்த காரில் காயிலைச் சந்தேகப்படலாம். நாமே வயர் இழுத்த காரில் முதல் சந்தேகம் நம் வயரிங் மேல்தான் வரவேண்டும்.

இங்கே சொல்வது கார்புரேட்டரும், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு. கோவைக்கு இது பழகிய இன்ஜின். கோவையின் ரேஸ் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ரேஸ் காரிலும் மாருதி 800 இன்ஜின்தான். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ இன்ஜினில் சென்சார், இ.சி.யூ (கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) என்று தேடும் வழியே வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

தேவையானவை: மல்டிமீட்டர், பிளக் பானா, நல்ல பழைய பிளக் ஒன்று, முதலைக் கிளிப் வைத்த வயர் இரண்டு, 12 வோல்ட் 5 வாட் பல்பில் செய்த டெஸ்ட் லேம்ப். எல்.இ.டி லேம்ப் வேண்டாம். துருப்பிடித்த கனெக்டர் வழியாகக் கசியும் துளிக் கரண்டுக்கே அது பளிச்சென்று எரிந்து ஏமாற்றிவிடும். பல்பு எரிய வேண்டுமென்றால் லைனில் உண்மையாகவே கரண்டு ஓட வேண்டும்.

தொடங்கும் முன்

கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முட்டுக்கல். பெட்ரோல் எங்காவது ஒழுகினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தீப்பொறி வரவழைக்கப் போகிறோம். பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் அடுத்து எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

கரண்டு எதுவரை வருகிறது?

இன்ஜின் தலையில் உள்ள பிளக்குகளைக் கழற்ற வேண்டாம். ஒரு பிளக் வயரைப் பிடுங்கி, பழைய பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் உலோக உடலைக் கிளிப் வயரால் இன்ஜின் பிளாக்கோடு இணைத்து வையுங்கள். கையில் பிடிக்கக் கூடாது. அங்கே வருவது பல ஆயிரம் வோல்ட். மூன்று நான்கு விநாடி ஸ்டார்ட்டர் போடச் சொல்லிப் பாருங்கள். நீல நிறத்தில் 'டக் டக்' என்று சத்தத்தோடு அடித்தால் நல்ல ஸ்பார்க். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் பலவீனம்.

வரவே இல்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவில் வரும் காயில் வயரைப் பிடுங்கி அதே பிளக்கில் மாட்டிப் பாருங்கள். இங்கே ஸ்பார்க் உண்டு, பிளக் வயரில் இல்லை என்றால் கோளாறு கேப், அதற்குள் சுற்றும் ரோட்டார், வயர் இந்த மூன்றுக்குள். இரண்டிலும் இல்லை என்றால் காயிலில் அல்லது அதற்கு முன்னால். வயரை எங்கும் சேர்க்காமல் அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுற்றாதீர்கள். வெளியேற வழியில்லாத வோல்டேஜ் காயிலையோ இக்னைட்டரையோ (காயில் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) உள்ளுக்குள் பொத்துவிடும்.

காயில் பிளஸ்: ஏமாற்றும் சாவி

டெஸ்ட் லேம்பின் ஒரு முனை காயில் பிளஸில், மறுமுனை பேட்டரி மைனஸில். சாவி ஆனில் பல்பு எரிகிறதா? எரிந்ததும் "சரி, வருகிறது" என்று பெரும்பாலோர் நகர்ந்துவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

தனியாக வாங்கிப் பொருத்தும் இக்னிஷன் ஸ்விட்சில் பொதுவாக நான்கு முனை: பேட்டரி, ஏ.சி.சி, இக்னிஷன், ஸ்டார்ட். இதில் ஏ.சி.சி ரேடியோ போன்றவற்றுக்கானது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்சாரம் மிச்சமாகட்டும் என்று ஸ்விட்சே அதைத் துண்டித்துவிடும். காயில் வயரை அதில் போட்டிருந்தால் ஆன் நிலையில் எல்லாம் சரியாகக் காட்டும், சுற்றும்போது காயில் செத்துக் கிடக்கும். சாவியைக் கையை விட்டு ஸ்டார்ட்டர் நிற்கப்போகும் அந்த நொடியில் இன்ஜின் ஒரே ஒரு உதறு உதறும். கரண்டு திரும்பி வந்து, இன்ஜின் இன்னும் அரைச்சுற்று ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்த உதறலைப் பார்த்தால் நேராக ஸ்விட்சுக்குப் பின்னால் போங்கள்.

உறுதிசெய்ய, பேட்டரி பிளஸிலிருந்து 10 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த வயரை நேராகக் காயில் பிளஸில் கொடுத்துப் பாருங்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டால் கோளாறு ஸ்விட்ச் லைனில். நிறுத்த அந்த வயரைத்தான் பிடுங்க வேண்டும். மறந்து விட்டுவிட்டால் காயில் சூடேறிப் போகும்.

சுற்றும்போது பிளஸில் 9 வோல்ட்டாவது நிற்க வேண்டும்.

காயில் மைனஸ்

இப்போது லேம்பைக் காயில் மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துச் சுற்றுங்கள். பல்பு விட்டு விட்டு மினுக்க வேண்டும். எரிந்தபடியே நின்றால் பாயிண்ட் (இக்னைட்டர் இல்லாத டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அதே வேலையைச் செய்யும் தொடுமுனை) சேரவில்லை அல்லது இக்னைட்டர் வேலை செய்யவில்லை. எரியவே இல்லை என்றால் காயில் உள்ளே அறுந்திருக்கும், அல்லது மைனஸ் லைன் எங்கோ பாடியில் பட்டு எர்த் ஆகியிருக்கும்.

இரண்டாவதற்கு முதல் குற்றவாளி ஆர்.பி.எம் மீட்டர் வயர். டேஷ்போர்டு அழகுக்காக மைனஸிலிருந்து இழுத்த வயர் எங்காவது தகட்டு விளிம்பில் உரசித் தோல் உரிந்திருக்கும். கழற்றிவிட்டுப் பாருங்கள். அடுத்தது பைக்கில் வரும் கில் ஸ்விட்ச்: சில வகை லைனைத் துண்டிக்கும், சில வகை எர்த் ஆக்கும். வகை தெரியாமல் போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள்.

பாயிண்ட் வகை என்றால் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர். கோவை உக்கடத்தில் பழைய சாமானாக எடுத்த டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் முகம் சாம்பல் பூத்திருக்கும். பாயிண்ட் அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு சுத்தமான வெள்ளைக் காகிதத்தை நடுவில் விட்டு இழுங்கள். எண்ணெய் விரல் பட்டாலே போதும், மறுபடி கரண்டு நிற்கும்.

எர்த்

ரப்பர் மவுண்டில் உட்கார்ந்த இன்ஜின், பவுடர் கோட்டிங் அடித்த சேசிஸ், ஃபைபர் பாடி. மூன்றுமே கரண்டைத் தடுப்பவை. மல்டிமீட்டரை டி.சி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை டிஸ்ட்ரிபியூட்டரின் உலோக உடலிலும் வைத்துச் சுற்றுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. வெளியே பொருத்திய இக்னைட்டர் இருந்தால் அதன் எர்த்தையும் தனியாக இப்படியே பாருங்கள்.

எர்த் பட்டை உட்காரும் இடத்தில் பெயிண்டை ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். முதலில் கிரீஸ் தடவிவிட்டு முடுக்குகிறவர்களும் உண்டு!

கேப், ரோட்டார், வயர்

கேப்பைக் கழற்றிச் சுற்றும்போது ரோட்டார் சுற்றவில்லை என்றால் மின்சாரத்தை விட்டுவிடுங்கள். கேம்ஷாஃப்ட் ஓடவில்லை, டைமிங் பெல்ட் போயிருக்கிறது.

கேப்புக்குள் நடுவில் உள்ள கார்பன் குச்சி ஸ்பிரிங்கோடு துள்ள வேண்டும். உள்சுவரில் பென்சில் கோடு மாதிரி கருப்புக் கீற்று இருந்தால் கரண்டு அந்த வழியே கசிகிறது. கேப்பை மாற்றுவதுதான் வழி. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஆடிச் சாரலில் திறந்த காருக்கு இது அடிக்கடி வரும். ஈரம் மட்டும் என்றால் துணியால் துடைத்து வெயிலில் வைத்தால் போதும்.

காயிலை இப்போது அளக்கலாம். வயர்களைக் கழற்றிவிட்டு, பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் சுமார் 3 ஓம் காட்டினால் நேரடி 12 வோல்ட் காயில், 1.5 ஓம் அளவில் என்றால் பாயிண்ட் வகைக்கு வெளியே கரண்டைக் குறைக்கும் பேலாஸ்ட் ரெசிஸ்டர் வேண்டும், இல்லாவிட்டால் பாயிண்ட் எரிந்துகொண்டே இருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் அந்த ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம்.

ஸ்பார்க் நன்றாக வந்தும் கார்புரேட்டர் வழியே திருப்பி வெடித்தால் வயர் வரிசையைப் பாருங்கள்: 1-3-2, ரோட்டார் சுற்றும் திசையில். வரிசையும் சரியென்றால் டிஸ்ட்ரிபியூட்டரை அரைச்சுற்று மாற்றி உட்கார வைத்திருக்கலாம். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து, ஸ்பேனரால் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு பிஸ்டன் மேலே வரும்போது ரோட்டார் முதல் சிலிண்டர் வயரைப் பார்த்து நிற்க வேண்டும்.