மார்பிள் தூளில் ஒரு சுவர் ஓவியம்

ஓவியர் அந்தோனி தாபியேஸ் (1923–2012) ஸ்பெயினில் உள்ள பார்சிலோனாக்காரர். இளவயதில் காசநோயில் நெடுநாள் படுத்த படுக்கை. சட்டப் படிப்பைப் பாதியில் விட்டார். பெயிண்டில் மணலும் மார்பிள் தூளும் குழைத்து, பழைய சுவர் போலவே படங்கள் செய்தார். அவர் ஊர்ப் பேச்சான கட்டலான் மொழியில் ‘தாபியேஸ்’ என்ற பெயருக்கே ‘சுவர்கள்’ என்றுதான் அர்த்தம்.

நாகர்கோவிலில் அதைச் செய்து பார்க்க, மார்பிள் அறுக்கும் கடையில் தூள் கேளுங்கள். எனக்குச் சும்மாவே தந்தார்கள். மணவாளக்குறிச்சி கருமணல் மின்னுகிறதே என்று அள்ளிவிடாதீர்கள், அதில் கதிர்வீச்சுள்ள தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கும். வீடு கட்டி மிஞ்சிய மணல் போதும், சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள்.

கான்வாஸ் துணியில் பூசினால் கனத்தில் தொய்யும், அதனால் பிளைவுட் பலகை. ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தூளும் மணலும் போட்டு இட்லி மாவுக்கும் கெட்டியாகக் குழையுங்கள். கொத்தனார் கரண்டியால் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. அவசரப்பட்டு ஒரே தடவையில் அரை அங்குலம் அப்பினேன். மூன்றாம் நாள் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. ஆனி மாதச் சாரலில் ஆரம்பிக்கவே வேண்டாம், காயாது.

இரண்டாம் பூச்சு விரல் பட்டால் ஒட்டாமல், அழுத்தினால் குழியும் பதத்தில் இருக்கும்போதுதான் கீற வேண்டும். ஆணி, ஈர்க்கில், பழைய சாவி எதுவும் ஆகும். தாபியேஸ் அடிக்கடி போட்டது சிலுவைக் குறி. நான் எங்கள் பழைய ஓட்டு வீட்டுச் சுவரில் அம்மா கரியால் போட்டிருந்த பால் கணக்குக் கோடுகளைக் கீறினேன். நிறம் குறைவாக: காவி, சாம்பல், கொஞ்சம் கறுப்பு. அவ்வளவுதான்.