அருங்காட்சியகக் கொலை நாவலுக்கு வாசகர் கருத்து எழுதுவது எப்படி: ‘டா வின்சி கோட்’ நாவலை முன்வைத்து

மர்ம நாவல் ஒன்றைப் படித்து முடித்ததும் பெரும்பாலோர் எழுதும் கருத்து இரண்டே வகைக்குள் அடங்கிவிடுகிறது. ‘கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை’ என்பது ஒன்று. ‘காதில் பூச்சுற்றுகிறார்’ என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல. ஆனால் அந்தப் புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டாலும் பயனில்லை. ஏனெனில் எந்த இடத்தில் கீழே வைக்க முடியாமல் போனது, எந்த இடத்தில் நம்பிக்கை அறுந்தது என்பதை இவை சொல்வதில்லை. அந்த இடங்களைக் கண்டுபிடித்து எழுதுவது எப்படி என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன். எடுத்துக்காட்டாக, 2003இல் வெளிவந்த டான் பிரவுனின் ‘டா வின்சி கோட்’ நாவலை வைத்துக்கொள்கிறேன். பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்துக்குள் இரவு நேரத்தில் அதன் காப்பாட்சியர் கொல்லப்படுவதில் தொடங்கும் இந்த நாவலைப் போல, வாசகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்த மர்ம நாவல் அண்மைக் காலத்தில் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

படிக்கும்போதே ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விமர்சகரைப் போலக் குறிப்பெடுக்க வேண்டிய தேவையில்லை. தூக்கம் வந்தும் அடுத்த அத்தியாயத்தைப் புரட்டிய இடத்தில் ஒரு கோடு, ‘இது எப்படி?’ என்று புருவம் உயர்ந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி, அலுப்பில் இரண்டு பத்தியைத் தாண்டிச் சென்ற இடத்தில் ஒரு சுழி, இவ்வளவு போதும். படித்து முடித்த மறுநாள் இந்தக் குறிகளைப் பார்த்தால், முடிவு தந்த பரபரப்பில் மறந்துபோன பலவும் திரும்ப வரும். முடிவு பிடித்துவிட்டால் நடுவில் பட்ட சலிப்பை மன்னித்துவிடுவதும், முடிவு பிடிக்காவிட்டால் முதல் முந்நூறு பக்கங்களில் அடைந்த மகிழ்ச்சியை மறுத்துவிடுவதும் வாசகர்களிடம் உள்ள பொதுவான பழக்கம். பென்சில் குறிகள் அதைத் தடுக்கும்.

அடுத்து, விறுவிறுப்பு எதனால் உண்டாகிறது என்று பாருங்கள். இதுதான் கருத்து எழுதுவதில் மிகவும் கவனம் செலுத்த வேண்டிய பகுதி. ‘டா வின்சி கோட்’ நாவலின் கதை ஏறத்தாழ ஓர் இரவிலும் ஒரு பகலிலும் நடந்து முடிகிறது. அந்தக் குறுகிய நேரம் 105 அத்தியாயங்களாக நறுக்கப்பட்டிருக்கிறது. பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் போவதில்லை. வார இதழ்த் தொடர்கதைகளில் ‘தொடரும்’ என்ற சொல்லுக்கு முன்னால் கதவு தட்டப்படுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த உத்தி புதிதல்ல. எனவே ‘சிறு அத்தியாயங்கள், அதனால் வேகம்’ என்று எழுதுவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியும் எந்த வகையான ஆவலைத் தூண்டுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆபத்து நெருங்குவதால் வரும் பதற்றம் ஒரு வகை: காவலர்கள் மாடியேறி வருகிறார்கள், தப்பிக்க வழியில்லை. அதில் பாத்திரத்துக்குத் தெரிந்தது அத்தனையும் நமக்கும் தெரியும். அவர்களோடு சேர்ந்து நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். பாத்திரத்துக்குத் தெரிந்துவிட்ட ஒன்றை ஆசிரியர் நம்மிடமிருந்து மறைப்பதால் வரும் ஆவல் மற்றொரு வகை. முதல் அத்தியாயத்திலேயே நாயகன் ராபர்ட் லாங்டனிடம் ஒரு புகைப்படம் காட்டப்படுகிறது, அவர் அதிர்ந்துபோகிறார், ஆனால் படத்தில் இருப்பது என்ன என்பதை முழுமையாக அறிய நாம் சில அத்தியாயங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முதல் வகையை நான் கதையின் நேர்மையான வேகம் என்பேன்; இரண்டாவது, மிட்டாயை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு குழந்தையிடம் விளையாடுவதைப் போன்றது. ஓரிரு முறை ரசிக்கலாம். இந்த நாவலில் அது அளவுக்கு மீறியே நடக்கிறது என்பது என் கருத்து; உங்களுக்கு அது உறுத்தவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள், ஆனால் எந்த வகை உங்களை இழுத்துச் சென்றது என்பதைச் சொல்லிவிடுங்கள்.

கொலைகாரன் யார் என்ற கேள்வியை நாவல் எப்படிக் கையாளுகிறது என்பதையும் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இங்கே துப்பாக்கியை நீட்டியவனை முன்கதையிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார்கள்; மறைக்கப்படுவது அவனை ஏவியவர் யார் என்பது மட்டுமே. ஆகவே, மூடிய வீட்டுக்குள் பத்துப் பேரைச் சந்தேகப்பட வைக்கும் பழைய துப்பறியும் கதையின் அளவுகோலால் இதை அளந்து, ‘தடயங்கள் போதவில்லை’ என்று எழுதுவது நியாயமாகாது. இது துரத்தலின் கதை. துரத்தலுக்குரிய கேள்விகளைக் கேளுங்கள்: தப்பிக்கும் வழிகள் பாத்திரங்களின் அறிவிலிருந்து வருகின்றனவா, அல்லது ஆசிரியரின் தயவால் கிடைக்கின்றனவா? உதவ வருபவர்கள் சரியான நேரத்தில் வருவது எத்தனை முறை நடக்கிறது?

இனி அருங்காட்சியகம். இந்த வகை நாவலுக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு: இதே கொலை ஒரு தங்கும் விடுதியிலோ ரயில் பெட்டியிலோ நடந்திருந்தால் கதை மாறியிருக்குமா? மாறாது என்றால் அருங்காட்சியகம் வெறும் மேடைப் படுதா. விலையுயர்ந்த படுதா, அவ்வளவே. ‘டா வின்சி கோட்’ இந்தச் சோதனையில் முதல் பாதியில் நன்றாகவே தேறுகிறது. துரத்தப்படும் காப்பாட்சியர் சுவரிலிருந்து இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் ஓவியத்தைப் பிடுங்க, பாதுகாப்பு இரும்புக் கதவு விழுந்து அவரையும் கொலைகாரனையும் பிரிக்கிறது. சாகும் தறுவாயில் அவர் விட்டுச்செல்லும் செய்திகள், வாழ்நாள் முழுவதும் அவர் காத்துவந்த ஓவியங்களின் வழியாகவே வாசிக்கப்பட வேண்டியவையாக இருக்கின்றன. அந்தக் கட்டடத்தையும் அந்த ஓவியங்களையும் நன்கு அறிந்த ஒருவர் மட்டுமே அப்படிச் சாக முடியும். நாவல் லூவரைவிட்டு வெளியேறிய பிறகு, வங்கி, மாளிகை, விமானம் என்று இடங்கள் மாற மாற, இந்தப் பிணைப்பு தளர்ந்துபோகிறது.

இடத்தைச் சரிபார்ப்பது எல்லா நாவலுக்கும் கட்டாயமில்லை. கற்பனை அருங்காட்சியகமாக இருந்தால் ஆசிரியர் வைத்ததே சட்டம். ஆனால் உண்மையான கட்டடத்தைப் பெயர் சொல்லி எழுதும்போது, வாசகர் தகவலைச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. லூவர் முற்றத்தில் 1989இல் திறக்கப்பட்ட, ஐ. எம். பெய் வடிவமைத்த கண்ணாடிப் பிரமிடில் 666 கண்ணாடித் தகடுகள் இருப்பதாக நாவல் சொல்கிறது. லூவர் தரும் கணக்கு 673. கதையின் நாயகி சோஃபி ஒரு கட்டத்தில் லியோனார்டோ டா வின்சியின் ‘பாறைகளின் கன்னி’ ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கேடயம்போல முன்னே பிடித்துக்கொள்கிறாள். நாவலில் அது ஐந்தடி உயரம், உண்மையில் ஏறத்தாழ ஆறரை அடி. கலை வரலாற்றாளர்கள் அந்த ஓவியரை லியோனார்டோ என்றே அழைப்பார்கள், ‘டா வின்சி’ என்பது வின்சி ஊரைச் சேர்ந்தவர் என்று மட்டுமே பொருள்படும் என்பதும் நாவலின் தலைப்பைப் பற்றி அடிக்கடி எழும் குறை.

இப்படிப்பட்ட பிழைகளை அடுக்கத் தொடங்கினால் முடிவே இராது. பட்டியல் நீள நீள, எழுதுபவரின் கெட்டிக்காரத்தனம் தெரியுமே தவிர நாவல் தெரியாது. எது முக்கியம் என்று எடைபோட வேண்டும். கண்ணாடித் தகடுகளின் எண்ணிக்கையை நான் பொருட்படுத்த மாட்டேன். ஆனால் கதை தொடங்குவதற்கு முன்னால் ‘உண்மை’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருக்கிறது. 1099இல் தோன்றிய ‘சீயோன் மடம்’ என்ற ரகசிய அமைப்பு மெய்யானது என்றும், நாவலில் வரும் ஓவியங்கள், கட்டடங்கள், ஆவணங்கள் பற்றிய விவரிப்புகள் துல்லியமானவை என்றும் அது உறுதி கூறுகிறது. அந்தப் பெயரில் அமைப்பு ஒன்று இருந்ததுதான். ஆனால் அதைப் பியர் பிளாந்தார் என்பவர் பிரான்சில் 1956இல் தொடங்கினார், அதன் பழம்பெருமைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் போலியானவை. அதேபோல, பாரிஸின் சேன் சுல்பீஸ் தேவாலயத் தரையில் ஓடும் பித்தளைக் கோட்டை நாவல் பாரிஸ் தீர்க்கரேகையோடும் கிறித்தவத்துக்கு முந்தைய பேகன் சமயக் கோயிலோடும் சேர்த்துப் பேசுகிறது. உண்மையில் அது நண்பகல் சூரிய ஒளியைக் கொண்டு நாளையும் பருவத்தையும் கணிக்க 18ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட வானியல் கருவியின் பகுதி. நாவலைக் கையில் பிடித்தபடி வந்தவர்களுக்காக, இவை சரியல்ல என்று தேவாலயமே அறிவிப்பு வைக்க வேண்டியதாயிற்று. கதைக்குள் பொய் சொல்வது ஆசிரியரின் உரிமை. கதைக்கு வெளியே நின்று ‘இது மெய்’ என்று உறுதியளிப்பது வேறு கணக்கு, அந்தக் கணக்கை வாசகர் கேட்கலாம். இந்த நாவலைப் பற்றி ஒரேயொரு குறையைத்தான் எழுத இடமிருக்கிறது என்றால், நான் அந்தப் பக்கத்தைப் பற்றியே எழுதுவேன்.

‘நம்பவே முடியாது’ என்று எழுதுவதற்கு முன் மட்டும் சற்று நிதானியுங்கள். உலகப் புகழ்பெற்ற அருங்காட்சியகத்தில் இவ்வளவு எளிதாகக் குற்றம் நடக்குமா என்பது பல வாசகர்கள் எழுப்பும் ஐயம். 1911 ஆகஸ்டில், முன்பு லூவரில் வேலை பார்த்த வின்சென்சோ பெருஜ்ஜா, விடுமுறை நாளான ஒரு திங்கட்கிழமை மோனாலிசாவை எடுத்துக்கொண்டு வெளியேறினார். ஓவியம் காணாமல்போனது மறுநாள்தான் கவனத்துக்கு வந்தது, அது மீட்கப்பட்டது 1913 டிசம்பரில். 2025 அக்டோபர் 19 அன்று, பார்வையாளர்கள் உள்ளே இருந்த காலை வேளையிலேயே, திருடர்கள் ஏணி பொருத்திய வண்டியை அதே லூவரின் பக்கவாட்டில் நிறுத்தி, ஜன்னல் வழியாக அப்போலோ மண்டபத்துக்குள் ஏறி, சில நிமிடங்களில் அரச நகைகளோடு மறைந்தார்கள். இதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் நாம் சிரித்திருப்போம். ஆகவே ‘நடக்காது’ என்பதைவிட, ‘நடக்கும் என்று என்னை நம்பவைக்க ஆசிரியர் உழைக்கவில்லை’ என்று எழுதுவது சரியாக இருக்கும்.

எந்த மொழியில் படித்தீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். இந்த நாவலின் புதிர்களில் பல, ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப்போட்டால் வேறு சொற்றொடர் வரும் வகையைச் சேர்ந்தவை. மொழிபெயர்ப்பில் அவற்றின் சுவை குறையும், அந்தக் குறையை ஆசிரியர் தலையில் கட்டக் கூடாது. ஆனால் பிரெஞ்சுக்காரரான காப்பாட்சியர், பிரெஞ்சுக்காரியான தன் பேத்தி சோஃபிக்கு ஏன் ஆங்கிலத்தில் புதிர் வைக்கிறார் என்ற கேள்வி எந்த மொழியில் படித்தாலும் செல்லுபடியாகும். நாவல் அதற்கு ஒரு சமாதானம் சொல்கிறது. எனக்கு அது போதவில்லை.

இயேசுவைப் பற்றித் திருச்சபையின் போதனைக்கு மாறான கதையைச் சொல்லும் இந்த நாவலால் சமய உணர்வு புண்பட்டவர்கள் அதை மறைக்கத் தேவையில்லை, ஆனால் அதைத் தனிப் பத்தியாக வைப்பது நல்லது. 2006இல் இந்த நாவலின் திரைப்படத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்தார். அப்போது நடந்த பேச்சில், புண்பட்டதும் கதை சொல்லப்பட்ட விதமும் ஒன்றோடொன்று கலந்துபோய், நாவல் எப்படிப்பட்டது என்று கேட்டவருக்கு விடை கிடைக்காமலே போனது. ‘என் நம்பிக்கைக்கு இது ஒவ்வாது’ என்பதும் ‘நடுப்பகுதி இழுவை’ என்பதும் வெவ்வேறு செய்திகள்.

கதையைப் போட்டு உடைக்காமல் எழுதுவது எப்படி என்பது கடைசிச் சிக்கல். புத்தகத்தின் முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை நடப்பதைத் தாராளமாகச் சொல்லலாம் என்பது நான் கடைப்பிடிக்கும் எல்லை. அதற்கு மேல் நிகழ்வைச் சொல்லாமல், அது உங்களுக்குள் உண்டாக்கிய விளைவை மட்டும் சொல்லுங்கள். ‘யாரும் எதிர்பாராத திருப்பம்’ என்று எழுதுவதும் ஒருவகையில் உடைப்பதுதான். அதைப் படித்தவர், கதையில் நல்லவராக வரும் ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடுவார். பாத்திரங்களில் ஒருவரை மட்டும் தனியாகப் புகழ்ந்தாலோ இகழ்ந்தாலோ அதுவும் காட்டிக்கொடுக்கும்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து நான் எழுதினால் கருத்து ஏறத்தாழ இப்படி அமையும்:

‘ஆங்கில மூலத்தில் படித்தேன். முதல் இரவே லூவரைவிட்டு வெளியேறும் பகுதி வரை வந்துவிட்டேன். அருங்காட்சியகத்தின் கதவுகளும் ஓவியங்களும் கொலையோடு பின்னப்பட்டிருக்கும் அந்தப் பகுதி புத்தகத்திலேயே சிறந்தது. அதன் பிறகு, பாத்திரங்களுக்குத் தெரிந்ததை எனக்கு மறைத்தே ஆசிரியர் என்னை நகர்த்துகிறார் என்று உணர்ந்தேன். அத்தியாயங்கள் வேகமாகத்தான் ஓடின, பதற்றம் மட்டும் குறைந்தது. ஓடிக்கொண்டே வரலாற்றுச் சொற்பொழிவு ஆற்றும் இடங்களில் சில பக்கங்களைத் தாண்டினேன். முகப்பில் உள்ள “உண்மை” என்ற பக்கத்தை நம்பாதீர்கள். அதைக் கிழித்துவிட்டுப் படித்தால் இது நீண்ட ரயில் பயணத்துக்குப் பொருத்தமான துரத்தல் கதை. ஏவியவர் யார் என்பதை நான் முன்கூட்டியே ஊகித்துவிட்டேன், ஆனாலும் கடைசி வரை படித்தேன்.’