வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால்: முதல் சில மாதங்களுக்கான செய்முறை

புதிதாக நாய்க்குட்டி வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இனி இந்த இணைப்பை அனுப்பிவிடலாம் என்று எல்லாவற்றையும் ஒரே பதிவில் எழுதிவிட்டேன். கிண்ணம், படுக்கை, பொம்மை, பெயர் எல்லாம் உங்கள் விருப்பம். படி 4 மட்டும் மற்றவற்றைவிட நீளம். அவசரத்தில் இருப்பவர்கள், அதாவது இந்த நிமிடம் கையில் துணியோடு தரையைத் துடைத்துக்கொண்டிருப்பவர்கள், நேராக அங்கே போய்விடலாம்.

படி 1: பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

இனம், நிறம் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள். நாய் 10 வருடத்துக்கு மேல் உங்களோடு இருக்கப் போகிறது. "எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்று வீட்டில் சொன்னால் யாரும் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். காலையில் நடக்கக் கூட்டிப்போவது யார், நடு இரவில் எழுந்திருப்பது யார், குடும்பத்தோடு வெளியூர் போனால் யார் என்று பெயர் போட்டு எழுதிவிடுங்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கினாலும் பொறுப்பு பெரியவர்களுடையதுதான்.

பகல் முழுக்க வீட்டில் ஆள் இருக்கமாட்டீர்கள் என்றால் குட்டியே வேண்டாம். காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயை எடுங்கள். அதன் குணம் ஏற்கெனவே தெரியும், சிறுநீரை அடக்கும் வலு இருக்கும், பல் முளைக்கும் காலமும் முடிந்திருக்கும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு இதுதான் சுலபம் என்பது என் கருத்து.

குட்டிதான் வேண்டுமென்றால் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். 8 வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான். அடுத்தது, தாய் நாயை நேரில் பாருங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பக், ஃப்ரெஞ்ச் புல்டாக் போன்ற தட்டை முகக்காரர்கள் பார்க்க அழகுதான். ஆனால் நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பால்தான். அந்த மூச்சுப் பாதையே இவற்றுக்குக் குறுகலாக இருக்கும், வெயிலில் ரொம்பத் திணறும்.

படி 2: மருத்துவரும் ஊசிகளும்

வந்த முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நோய்களுக்கான தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். வீணாகப் போடுவதாக நினைக்க வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் இத்தனை தவணை. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி தனி, பொதுவாக 3 மாதத்தை ஒட்டிப் போடுவார்கள். குடற்புழு மருந்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. மனிதர்கள், வண்டிச் சத்தம், குடை, படிக்கட்டு என்று உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் குட்டிக்கு ஏறக்குறைய 3 வாரத்தில் தொடங்கி 14 வாரத்துக்குள் முடிந்துவிடும். ஊசி முடிவதோ 16 வாரத்தில். "ஊசி முடியட்டும்" என்று வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் நோய் வராது, ஆனால் எதைக் கண்டாலும் குரைக்கும் நாய் வளரும். வழி என்னவென்றால், தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். தினமும் ஒரு புதுச் சத்தம், ஒரு புது முகம். பல நாய்கள் வந்துபோகும் தரையில் மட்டும் இறக்கிவிடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும்.

மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் சின்ன அடையாளச் சில்லு) போட்டால் பதிவேட்டில் உங்கள் தொலைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிப்புக்குள் இருப்பது வெறும் எண் மட்டும்தான். நாய் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டாது.

படி 3: முதல் இரவு

குட்டி தூங்கும் கூண்டை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். "அழட்டும், பழகிவிடும்" என்று கூடத்தில் தனியாக விடும் யோசனை எனக்குப் பிடிக்காது. அன்று காலைவரை தாயோடு சுருண்டு கிடந்த உயிர் அது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தால் பாதி அழுகை குறையும். அது எழுந்து நெளிவதும் உங்களுக்குக் கேட்கும், அடுத்த படிக்கு அது முக்கியம். பழகிய பிறகு கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம். எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் ஒன்றுக்குப் போய்விட்டு இன்னொரு மூலையில் தூங்கும்.

படி 4: வெளியே ஒன்றுக்குப் போகப் பழக்குவது

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு அரை மணிக்குள், விளையாட்டுக்கு நடுவில், படுக்கப் போகும் முன் வெளியே கூட்டிப்போக வேண்டும். 2 மாதக் குட்டியால் பகலில் அதிகபட்சம் 2 மணி நேரம் அடக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடியாடும்போது அதுவும் முடியாது.

இதுவரை சுலபம். எங்களைப் பாடாய்ப் படுத்தியது இதற்கு அப்புறம் வருவது. வெளியே கூட்டிப்போனால் புல்லை முகரும், இலையைத் துரத்தும், ஒரு சொட்டுகூடப் போகாது. போதும் என்று உள்ளே வந்ததும் வாசல் மிதியடியிலேயே போய்விடும். வேண்டுமென்றே செய்வதாகத் தோன்றும். அப்படி இல்லை. வெளியே அதற்கு வேடிக்கை அதிகம், ஒன்றுக்கு வருவதே மறந்துபோகிறது. உள்ளே வந்து மனம் அடங்கியதும் நினைவுக்கு வருகிறது. சில குட்டிகளுக்கு வேறு காரணம். வீட்டுக்குள் போனபோது திட்டு வாங்கியதால், ஆள் முன்னால் போனாலே ஆபத்து என்று புரிந்துகொண்டிருக்கும். அப்புறம் நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் எப்படிப் போகும்? சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துதான் போகும். இன்னும் சில குட்டிகள், "போனதும் உள்ளே இழுத்துப்போய்விடுகிறார்கள், அதனால் முடிந்தவரை தள்ளிப்போடு" என்று கணக்குப் போடுகின்றன.

மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். கயிறு கட்டி, தினமும் அதே இடத்துக்குக் கூட்டிப்போய், பேசாமல் அசையாமல் நில்லுங்கள். விளையாட்டு காட்டக் கூடாது. ஐந்து நிமிடம் பாருங்கள். போய் முடித்தால், முடித்த பிறகுதான் பாராட்ட வேண்டும். பாதியில் "சபாஷ்" என்றால் அதுவும் பாதியில் நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடி வரும். தின்பண்டத்தை அங்கேயே, இரண்டு நொடிக்குள் கொடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குக் கூலி என்று எடுத்துக்கொள்ளும். கொடுத்ததும் உள்ளே திரும்பாமல் சற்று நேரம் விளையாட விடுங்கள். ஒன்றுக்குப் போனால்தான் விளையாட்டு தொடங்கும் என்று அதற்குப் புரிய வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் போகவில்லையா? சரி, உள்ளே வாருங்கள், ஆனால் அவிழ்த்துவிடாதீர்கள். பத்து பதினைந்து நிமிடம் கூண்டிலோ மடியிலோ இருக்கட்டும், இல்லையென்றால் கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். மறுபடி வெளியே. போகும்வரை இதேதான். ஒன்றுக்குப் போய் முடித்த குட்டிக்கு மட்டுமே வீட்டில் சுதந்திரம். இந்த ஒரு விதியை வீட்டில் எல்லோரும் பிடித்துக்கொண்டால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒருவர் மட்டும் "பாவம், விடுங்க" என்று அவிழ்த்துவிட்டால் அன்றைய உழைப்பு அவ்வளவுதான்.

உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது பார்த்தால் சத்தம் போடாமல் தூக்கி வெளியே கொண்டுபோங்கள். போய் முடித்த பிறகு பார்த்தால் துடைப்பதோடு சரி. குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். "தப்பு செய்த முகம் அதுக்கே தெரியுதே" என்பவர்களுக்கு: நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குற்றவாளி முகம் நாய் தவறு செய்ததைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டியதைப் பொறுத்தே வந்தது.

துடைப்பதற்கு, சிறுநீர் வாடையைச் சிதைக்கும் நொதி (என்சைம்) கலந்த கிளீனர் வாங்குங்கள், காசு போனாலும் பரவாயில்லை. ஊற்றியதும் துடைக்காமல் பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிட வேண்டும். வாசனைத் திரவம் நம் மூக்கை மட்டும்தான் ஏமாற்றும். அமோனியா கலந்தது இன்னும் மோசம், அந்த வாடை சிறுநீரைப் போலவே இருப்பதால் அதே இடத்துக்கு மறுபடி வரவழைக்கும்.

கயிறு என்றால் 2 மீட்டர் நீளச் சாதாரணப் பட்டைக் கயிறுதான் என் தேர்வு. பொத்தானை அழுத்தினால் சுருளும் வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. இழுத்தால் கயிறு நீளும் என்பதைத்தான் அது நாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறது. கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டை குட்டிக்கு நல்லது.

படி 5: சாப்பாடு

4 மாதம்வரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, 6 மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை. உணவை மாற்றினால் ஒரு வாரம் பழையதோடு கலந்து மாற்றுங்கள். பெரிய இனக் குட்டிக்கு "எலும்பு வளரட்டும்" என்று நீங்களாகவே கால்சியம் கொடுக்காதீர்கள், அதிகமானால் எலும்பு வளர்ச்சியே கெடும்.

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, வேகவைத்த எலும்பு எதுவும் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் வரும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கொஞ்சம் போனாலே ரத்தச் சர்க்கரை வேகமாக இறங்கிவிடும். நமக்கான வலி மாத்திரைகளையும் எட்டாத இடத்தில் வையுங்கள். இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படி 6: கடியும் குழந்தைகளும்

3 முதல் 7 மாதம்வரை 28 பால் பல் விழுந்து 42 பல் முளைக்கும். அதுவரை கண்டதையெல்லாம் கடிக்கும். கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள், கடிக்க வேறு பொருள் கொடுங்கள்.

சின்னக் குழந்தையையும் நாயையும் தனியாக விடாதீர்கள், எவ்வளவு சாதுவான நாயானாலும் சரி. உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, விறைத்து நிற்பது எல்லாம் "போதும், விடு" என்பதன் அடையாளம். உறுமினால் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்தமுறை உறுமாமல் நேராகக் கடிக்கும்.

பின்சேர்ப்பு: கருத்துப் பகுதியில் வந்தவை

மாடி வீட்டில் இருப்பவர்கள் கீழே இறங்குவதற்குள் போய்விடுகிறது என்றார்கள். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போக விரிக்கும் உறிஞ்சு விரிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை, துணியில் போகலாம் என்று ஒரு பாடம், அப்புறம் போகக்கூடாது என்று இன்னொரு பாடம். இருந்தாலும் பத்தாவது மாடியில் வேறு வழி இல்லையென்றால் பால்கனியில் மட்டும் வையுங்கள்.

யாராவது வந்தால் மட்டும் குனிந்து சொட்டுச் சொட்டாகப் போகும் குட்டிக்குப் படி 4 உதவாது. அது பயம் அல்லது உற்சாகம், அடக்கத் தெரியாததால் வருவது இல்லை. வருபவர்கள் குனிந்து தடவாமல், கண்ணைப் பார்க்காமல் உள்ளே வரட்டும். வளர வளரப் பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போக ஆரம்பித்தால், பயிற்சியை மறுபடி தொடங்குவதற்கு முன் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பல நேரம் அது தொற்றாக இருக்கும்.

வீட்டில் பூனையும் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நாய்க்கு உண்ணி மருந்து வாங்கும்போது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு ஒன்றும் ஆகாது, பூனைக்கு அது விஷம். மருந்து போட்ட நாயோடு பூனை உரசிப் படுத்தாலும் ஆபத்துதான், அதனால் வேறு மருந்து தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.